பத்து சென்ட் கோர்கோ

ஒரு சிறுமியின் அழுகையில் ‘கோர்கோ’ என்ற காமிக்ஸ் புத்தகத்தின் பயணம் தொடங்குகிறது. 1953இல் வந்த ‘தி பீஸ்ட் ஃபிரம் 20,000 ஃபாதம்ஸ்’ படத்தை இயக்கியவர் யூஜீன் லூரியே. படத்தின் முடிவில் டைனோசர் செத்துப்போகும். அதைப் பார்த்த அவருடைய மகள் அழுதாள். அதைக் கொன்றதற்காக அப்பாவைக் கோபித்துக்கொண்டாள். அது அவர் மனதில் தங்கிவிட்டது. 1961இல் அவர் இயக்கிய ‘கோர்கோ’ படம் வெளியானபோது அதில் மிருகம் சாகவில்லை.

அயர்லாந்துக் கடலோரத்தில் பிடிபட்ட 65 அடி உயர மிருகத்தை லண்டனுக்குக் கொண்டுவந்து சர்க்கஸில் காட்சிக்கு வைக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அது குட்டி என்று. 200 அடி உயரத் தாய் தேடிக்கொண்டு வருகிறாள். டவர் பாலம் நொறுங்குகிறது, பிக் பென் சரிகிறது. பிள்ளையை மீட்டுக்கொண்டு கடலுக்கே திரும்பிவிடுகிறாள்.

அன்று வீடியோ கேசட் கிடையாது. தியேட்டரை விட்டுப் படம் போனால் போனதுதான். அதைப் பிள்ளைகள் கையில் காமிக்ஸாகக் கொடுத்தது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டெர்பி என்ற சிற்றூரிலிருந்த சார்ல்டன் நிறுவனம். அதைத் தொடங்கிய ஜான் சாண்டாஞ்சலோ, இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார். உரிமை வாங்காமல் பாட்டுப் புத்தகம் போட்டு விற்றுச் சிறைக்குப் போனார். அங்கே சந்தித்த வழக்கறிஞர் எட் லெவியோடு கூட்டுச் சேர்ந்தார். இருவருக்கும் சார்ல்ஸ் என்ற பெயரில் மகன் இருந்தான். கம்பெனிப் பெயர் அதிலிருந்து வந்தது.

எடிட்டர் மேஜை முதல் லாரியில் கட்டு ஏற்றும் இடம் வரை எல்லாம் ஒரே வளாகத்தில். அச்சு எந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டுவது செலவு. அது சும்மா நிற்கக் கூடாது. சார்ல்டனின் பாட்டுப் பத்திரிகைகள் அச்சாகாத நேரத்தை நிரப்பக் காமிக்ஸ் ஓடியது. பக்கத்துக்குக் கொடுத்த கூலியோ அந்தத் தொழிலிலேயே அடிமட்டம்.

அந்தக் கூலிக்குத்தான் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ உட்கார்ந்து ‘கோர்கோ’வை வரைந்தார். கதையைக் காமிக்ஸுக்கு எழுதித் தந்தவர் ஜோ கில். சார்ல்டனில் காசு குறைவு, தலையீடும் குறைவு. தன் போக்கில் வரைய விட்டார்கள் என்பதே டிட்கோவுக்குப் போதுமாக இருந்தது. படத்தில் ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் நடந்தார். டிட்கோவின் தூரிகைக்கு அந்தக் கட்டு இல்லை. அடர்ந்த கறுப்பு மையில் மிருகத்தின் உடம்புக்குக் கனம் வந்தது. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட இதழில், ஸ்டான் லீயோடு சேர்ந்து ஸ்பைடர்மேனைப் பிறப்பித்தது இதே கைதான்.

மே 1961 என்று தேதியிட்ட முதல் ‘கோர்கோ’ இதழின் விலை 10 சென்ட். படத்தின் கதை அந்த ஒரே இதழில் தீர்ந்துவிட்டது. ஆனாலும் தாயும் பிள்ளையும் புதுப்புதுக் கதைகளோடு 1965 வரை 23 இதழ்கள் வந்தார்கள். அவற்றில் சிலவற்றை மட்டுமே டிட்கோ வரைந்தார்.

கடைக்குப் போன பிரதிகளின் கதி வேறு. விற்காமல் தங்கினால் அட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பிக் கணக்கை நேர்செய்வது அந்தக் கால வழக்கம். உடம்பு குப்பைக்கு. விற்ற பிரதிகளும் நாளிதழ்த் தாளில் அச்சானவை. தாளிலிருக்கும் அமிலமே அதைத் தின்கிறது. இன்று ஒரு பிரதியைத் திறந்தால் ஓரம் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பேறியிருக்கும். மடிப்பில் பின் துருப்பிடித்து இரண்டு செம்பொட்டு. உற்றுப் பார்த்தால் வண்ணமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். சில இடங்களில் சிவப்பு, கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

சார்ல்டன் மூலச் சித்திரங்களைப் பேணிக் காத்த இடமல்ல, பெரும்பகுதி அழிந்தது. 1980களின் நடுவில் நிறுவனம் காமிக்ஸை நிறுத்தியது. பிறகு அந்தக் கட்டடமும் போயிற்று. 2013இல் கிரெய்க் யோ என்பவர் டிட்கோவின் கோர்கோ கதைகளைக் கெட்டி அட்டைப் புத்தகமாகத் தொகுத்தார். எந்திரம் நிற்காமலிருக்க அச்சடித்த அந்த மலிவுத் தாள்தான் டிட்கோவின் கோடுகளை இத்தனை காலம் சுமந்து வந்திருக்கிறது.

இன்று சேகரிப்பாளர்கள் பழைய பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு பிள்ளை அட்டையில் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தால் மதிப்பெண் குறையும். எனக்கு அந்தப் பிரதிதான் பெரிது. தன்னுடையது என்று பெயரெழுதி ஒரு பிள்ளை பெட்டிக்குள் ஒளித்துவைத்ததால்தானே அது பிழைத்தது.