தோல் போய் நஞ்சு வந்த கதை

காப்பிக்கொட்டையோ தேனோ, எதை வாங்கினாலும் தருபவர் வாழவேண்டும்; இயற்கையும் அழியக்கூடாது. இதற்குச் செங்கற்பட்டுச் சீமையிலேயே ஒரு சான்று உண்டு.

இருளர்கள் முன்பு பாம்புத்தோல் விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்து அத்தொழில் நின்றது. 1978இல், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் பானைகளில் வைத்து, நஞ்செடுத்தபின் காட்டிலே விட்டுவிடுகிறார்கள்.

தோலெடுத்தால் பாம்பு சாகும். நஞ்சோ மீண்டும் ஊறும். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், குருதியில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. வயலில் கடிபட்ட உழவர் பிழைப்பதில் இருளரின் கைத்திறனும் உண்டு. அத்திறனுக்கு உரிய விலை கிடைத்தால்தான் மருந்தும் தொடர்ந்து கிடைக்கும்.