சோழியின் விலை

மாலத்தீவில் சோழி பிடிப்பது பெரிய காரியமில்லை. தென்னோலையைக் கடலில் மிதக்க விட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். குழியில் போட்டுச் சதை அழுகியபின் ஓட்டை எடுத்துக்கொள்ளலாம். வங்காளத்து வணிகர்கள் அதற்கு அரிசி கொடுத்தார்கள்.

1343 வாக்கில் அங்கே காஜியாக இருந்த இப்னு பதூதா, ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி என்கிறார். 1352இல் பயணமாகப் போன மாலி நாட்டில் அதே தினாருக்கு 1,150. ஒரே மனிதர் இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டது அபூர்வம்.

தூரம்தான் விலை என்று வியாபாரி சொல்வான். எனக்கு அது போதவில்லை. தூரத்துக் கூழாங்கல்லை யாரும் வாங்குவதில்லையே. சோழி உறுதியானது, போலி செய்ய முடியாதது; சரி. ஆனால் வாங்குகிறவன், தன்னிடமிருந்து வாங்க இன்னொருவன் இருக்கிறான் என்று நம்பவேண்டும். அந்த நம்பிக்கையைத் தவிர ஓட்டுக்குள் வேறெதுவும் இல்லை.

மார்செல் மாஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதியதை நம்மில் சிலர் பரவசத்தோடு சொல்லிக்கொள்கிறோம்: கைமாறும் பொருளோடு கொடுத்தவனின் உயிரும் கொஞ்சம் போகிறதாம். அவர் பேசியது சந்தையைப் பற்றியல்ல, வாஸ்தவம். ஆனாலும் எல்லாப் பரிவர்த்தனையையும் உறவாகப் பார்க்கிற நம் மயக்கத்துக்குச் சோழி நல்ல மருந்து. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் ஆடாமலிருக்க அடித்தட்டில் பாரமாக அதை ஏற்றிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போயின. அங்கே அதைக் காசாக மதிப்பவர் கிடையாது. ஏலத்தில் எடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். உய்டா துறைமுகத்தில் சோழியை எண்ணிக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். ஓட்டோடு ஒட்டிப் போன உயிர் கொடுத்தவனுடையதல்ல; விலை பேசப்பட்டவனுடையது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதிப்பு வருவதைப் போலவே போவதற்கும் ஓட்டில் ஒரு கீறல்கூட வேண்டியதில்லை. ஒரிசாவில் 1,280 சோழி ஒரு காஹன்; நிலவரியே அந்தக் கணக்கில்தான். 1803இல் கும்பினியார் ஒரிசாவைப் பிடித்தார்கள். பிறகு வரியை வெள்ளி ரூபாயில் கேட்டார்கள். சந்தையில் ரூபாய்க்கு வரவர அதிகச் சோழி தேவைப்பட்டது. 1817 பைக்கர் கிளர்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. விவசாயியின் கையில் இருந்தது அதே ஓடுதான். வாங்க மறுத்தது அரசாங்கத்தின் கை. வரிப்பாக்கிக்காக நிலங்கள் ஏலம் போயின.