கரோல் பாகும் தமிழ்க் கல்வியும்

தலைநகர் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பர் 12-ஆம் நாள் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அதனால் யார் யார் வீடிழப்பர் என்று அன்று எவரும் எண்ணியிரார். பின்னர் புதுநகரின் நடுவிடத்துக்கு நிலம் வேண்டியதாயிற்று. மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய ஊர்கள் எடுக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் மேற்கே, பாறையும் புதருமாய்க் கிடந்த நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்நிலமே கரோல் பாக். 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் திரளாக வந்தபோதும் அது அவர்களுக்கு இடம் தந்தது. அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணியேற்ற தமிழர் பலர் அங்கே மாடியறை வாடகைக்குப் பிடித்துக் குடித்தனம் தொடங்கினர்.

சோற்றுக்கும் வாடகைக்கும் வழி பிறந்தபின் தமிழ்க் குடும்பத்தின் அடுத்த கவலை பிள்ளையின் படிப்பேயாகும். அந்நாளில் கோடை வந்தால் அரசாங்கமே சிம்லாவுக்கு ஏறிவிடும். கோப்புகள் ஏறும், குமாஸ்தாவும் ஏறுவார். பிள்ளை எங்கே படிப்பது? 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் தோன்றிய அமைப்பு இதற்கு விடை கண்டது. அதன் பள்ளியும் தில்லிக்கும் சிம்லாவுக்கும் இடையே அலைந்தது! ‘மதராஸி’ என்பது வடக்கே நம் அனைவருக்கும் இட்ட பொதுப்பெயர். அதில் சிறிது இளக்காரமும் உண்டு. பிற்காலத்தில் சங்கம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கரோல் பாகை ஒட்டிய பூசா சாலைப் பள்ளி உட்பட ஏழு பள்ளிகள் அதன் பொறுப்பில் உள்ளன. தமிழரல்லாத குழந்தைகளும் அங்குத் தமிழ் கற்கின்றனர் என்பது எழுதி மகிழத்தக்க செய்தி.

இப்பள்ளிகள் எவருடைய தயவினாலும் நிற்பன அல்ல. மொழிச் சிறுபான்மையினர் தமக்கெனக் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு. 1956-இல் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்த 350-அ பிரிவு மேலும் ஒருபடி சென்று, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய முயல்வதை மாநிலத்தின் கடமையாக மட்டுமன்றி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவும் வைத்தது. தில்லி மாநகராட்சி 1958-இல் உருவாயிற்று. அருணா ஆசஃப் அலி முதல் மேயரானார். நகரின் பெரும்பகுதியில் தொடக்கப் பள்ளிகள் மாநகராட்சியின் கையில் வந்தன. எனினும் தமிழ்க் குழந்தையின் தமிழைப் பெரும்பாலும் தாங்கியது நம்மவர் கூட்டிய சங்கமே. 1973-இன் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் வந்தபின் உதவிபெறும் பள்ளி ஆசிரியர் ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அரசினுடையது, ஐந்து நிர்வாகத்தினுடையது என்ற முறை நிலைத்தது. தொகை சிறிதாகத் தோன்றலாம். மாதம் தவறாது அதைத் திரட்டியவர்களுக்கே அதன் பாரம் தெரியும்.

நம் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. கரோல் பாகிலேயே ரேகர்புரா என்றொரு பகுதி உண்டு. இராஜஸ்தானத்திலிருந்து வந்து தோல் தொழில் செய்த ரைகர் மக்கள் அங்கு வாழ்ந்தனர். நாம் மொழியால் அயலார். அவர்களோ சொந்த மொழி பேசும் நகரிலேயே சாதியால் விலக்கப்பட்டவர்கள். கரோல் பாக் மக்களவைத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால் அவர்களுக்கும் சபையில் ஒரு வாயில் திறந்தது. 1996-இலும் 1998-இலும் அங்கு வென்ற மீரா குமார் 2009-இல் மக்களவைத் தலைவரானார். 2008-இன் மறுவரையறையில் அத்தொகுதி மறைந்தது. அதே பெயர் கொண்ட சட்டமன்றத் தொகுதி இன்றும் ஒதுக்கீட்டில் உள்ளது. மாநகராட்சியிலோ, 1992-இன் 74-ஆம் திருத்தத்துக்குப் பின் பெண்டிருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஐந்தாண்டுக் காலத்தில் முதலாண்டு மேயர் பெண்ணாகவும், மூன்றாமாண்டு மேயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. 2022-இல் தேர்தல் நடந்த 250 வட்டங்களில் 42 தாழ்த்தப்பட்டோருக்கு உரியவை. மொழியை வைத்து ஒதுக்கீடு ஏதுமில்லை. தமிழர் அந்த அவைக்குச் செல்ல வேண்டுமாயின் அண்டை வீட்டாரின் வாக்கைப் பெற்றே செல்ல வேண்டும்.

2021-இல் தில்லி அரசு தமிழ் அகாதெமி அமைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி கரோல் பாகிலும் லோதி எஸ்டேட்டிலும் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களோடு நின்றுவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. தில்லித் தமிழருள் எழுத்தர் மட்டுமா இருந்தனர்? ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகால் ஓரம் மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளரும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் வாழ்ந்தனர். நாம் உதறிய ‘மதராஸி’ என்ற பெயர் அவர்கள் முகவரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. 370 குடியிருப்புகளில் 189 மட்டுமே மாற்றுவீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகள் தரப்பட்ட இடம் நகரின் வடகோடியில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலா. தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவில் இல்லை.