கொழுந்தும் ஒளிவடியும்

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நோய் எப்பொழுதும் ஒரு நிறமாகவே முதலிற் காட்சியளித்திருக்கின்றது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, அது ஒரு புதிய பூஞ்சணம் என்று கண்டு பெயரிட்டார். 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, அத்தூள் காற்றிலே பரவுகின்றது என்பதை நிலைநாட்டினார். கண்டது அரிய உண்மைதான். ஆனால் காலங்கடந்த உண்மை. தூள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாரக்கணக்காகப் பூஞ்சணம் இலைக்குள் வேரோடியிருக்கும். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் அழிந்தது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளர் பலருக்குக் கூலியும் பாக்கியாய் நின்றது. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

தேயிலைக்கும் அத்தகைய சோதனை 1946இல் வந்தது. கொப்புள நோய் என்பது அதன் பெயர். அஸ்ஸாமில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த அந்நோய், அவ்வாண்டில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டியது. முற்றிய இலையை அது தீண்டுவதில்லை. கூடையில் விழவேண்டிய இளங்கொழுந்தையே பற்றும். மழையும் முகிலும் அதற்கு உகந்தவை, வெயில் ஆகாது. ஆகவே நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளில் அதற்கு வாய்ப்பு அதிகம். முதலில் வெளிறிய ஒரு சிறு புள்ளி தோன்றும். ஒளிக்கு எதிரே பிடித்தால் அவ்விடத்தில் இலை சற்றுத் தெளிவாயிருக்கும். பின்னரே கொப்புளம் எழும்பி வெள்ளைத் தூளை உதிர்க்கும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் பெண்ணொருத்தியின் ஒருநாட் பேர் அரைப்பேராகிவிடும். நோயைத் தடுக்க, அது வந்திருந்தாலும் வராவிட்டாலும், மழைக்காலம் முழுவதும் செப்பு மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதைச் சுமந்து சரிவுகளில் ஏறியவர்களின் முதுகையும் மூச்சையும் பற்றிக் கணக்கெழுதியவர் சிலரே.

கண் ஏன் பிந்தி அறிகின்றது? மனிதக் கண்ணில் நிறமறியும் உணர்கலங்கள் மூன்றே வகை. ஆனால் இலையிலிருந்து வரும் ஒளியில் அடங்கிய செய்தியோ மிகப் பல. பச்சையம் 680 நனோமீற்றரை அண்டிய செந்நிற ஒளியை விழுங்கிவிடும். 700ஐத் தாண்டியதும், கண் காணாத அகச்சிவப்பிலே, இலை திடீரெனப் பிரகாசிக்கும். இடையிலுள்ள அந்தச் செங்குத்தான ஏற்றம், இலை நலியத் தொடங்கியதும் சிறிது இடம்பெயரும். அதைக் காண, ஒளியைக் கலவையாகப் பாராமல், இழை இழையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்குரிய கருவியே ஒளிவடி. தேநீர் வடி சாற்றை விட்டுச் சக்கையை நிறுத்துவதுபோல, ஒளிவடி ஒரு நிறத்தை விட்டு ஏனையவற்றை நிறுத்தும்.

வெறும் ஒளிவடிகளைக் கொண்டே பெருஞ்செயல் புரிந்தவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன். 1928இல் கல்கத்தாவில் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் நீலவூதா வடியினூடாகச் சூரிய ஒளியைத் திரவத்திற் பாய்ச்சினர். அந்நீலவூதாவை முற்றாய் மறிக்கும் வேறொரு வடியினூடாக அத்திரவத்தைப் பார்த்தனர். இருளே தெரிந்திருக்கவேண்டும்; ஆனால் மங்கிய ஒளியொன்று எஞ்சி நின்றது. 1930இன் நோபல் பரிசு அந்த எச்சத்துக்குக் கிடைத்தது.

ஆயினும் அவ்வடிகள் ஒவ்வொன்றும் ஒரே நிறத்துக்கு உரியவை. பிரான்சு நாட்டு வானியலறிஞர் பெர்னார்ட் லியோ, 1930களில், ஒன்றைவிட மற்றொன்று இருமடங்கு தடித்த பளிங்குத் தகடுகளை முனைவாக்கும் தகடுகளுக்கு இடையே அடுக்கி, சூரியனை ஒரே செந்நிறக் கோட்டில் மட்டும் காட்டும் வடியை ஆக்கினார். பிற்காலத்தில் அதே அடுக்கிலே திரவப் பளிங்குகள் சேர்க்கப்பட்டன. மின்னழுத்தத்தை மாற்றினால் வடியும் நிறத்தை மாற்றிக்கொள்ளும். வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி இலங்கையை விட்டுத் திருச்சியைப் பிடிப்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமையில்லை. 1969இல் அமெரிக்காவில் ஹாரிஸ், வாலஸ் இருவரும் எடுத்துக்கூறிய முறையில் இவ்வுவமை ஏறக்குறைய உண்மையே ஆகிவிடுகின்றது. அதிலே வானொலி அதிர்வெண்ணுடைய மின்சாரம் பளிங்கில் நுண்ணொலி அலைகளை எழுப்ப, அவ்வலைகள் ஒரு நிறத்தை மட்டும் வேறாக்கித் தரும். அதிர்வெண்ணை மாற்ற, நிறம் கண்ணிமைப்பதற்குள் மாறும்.

இவ்வாறு நூற்றுக்கணக்கான நிறங்களில் ஒரே காட்சியைப் படமெடுப்பதையே பன்னிறமாலைப் படப்பிடிப்பு என்கின்றனர். ஆயின் வடியை அமைப்போருக்கு ஒரு நெருக்கடி உண்டு. நிற இழையை மெல்லிதாக்க விரும்பினால் ஒளி செல்லும் பளிங்கு நீளவேண்டும். பளிங்கு நீண்டால் அது ஏற்கும் கோணம் குறுகும். முனைவாக்கும் தகட்டிலேயே பாதி ஒளி போய்விடும். மெல்லிய இழையில் மிஞ்சுவதோ துளியளவு. துளியளவு ஒளிக்கு நெடுநேரம் படக்கருவியைத் திறந்துவைக்க வேண்டும். நுவரெலியாவின் மூடுபனியில் அவ்வொளியும் அரிது.

காற்று செய்யும் இடையூறு இன்னும் பெரிது. இத்தகைய வடி ஒரு நிறத்தின்பின் ஒரு நிறமாகவே படம் எடுக்கும். முதற் படத்தில் இலையிருந்த இடத்தில் ஐம்பதாவது படத்தில் வானமோ மண்ணோ இருக்கலாம். அவற்றை அடுக்கிப் பார்த்தால், நலமான கொழுந்தும் நோயுற்றதுபோலத் தோன்றும். ஆகவேதான் 1987இலிருந்து அமெரிக்க விமானங்களிற் பறந்த அவிரிஸ் என்னும் கருவி, இவ்வகை வடியை விட்டு, 224 நிறங்களையும் ஒரே வேளையில் பிரித்துப் பதியும் வேறு முறையைக் கைக்கொண்டது. மாறும் வடிக்கு உகந்த இடம் அசையாத பொருளிருக்கும் இடம்: ஆராய்ச்சிச் சாலை மேசை, நுணுக்குக்காட்டி, பறித்து வைத்த இலை. மலைச்சரிவை அதற்கு முதற்களமாக்குவது அவசரமே.

நிறத்தைக் கொண்டு பொருளைப் பிரிக்கும் எளிய கருவி தேயிலைத் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே புகுந்துவிட்டது. ஒரு காலத்திற் பெண்கள் தரையிலமர்ந்து கையாற் பொறுக்கிய காம்புகளை, நிறப்பிரிப்பு இயந்திரம் கணப்பொழுதில் காற்றால் ஊதித் தள்ளுகின்றது. அங்கே தேயிலை கருமை, காம்பு செம்மை, வேற்றுமை வெளிப்படை. கொப்புள நோயோ அவ்வளவு எளிதில் அகப்படாது. வறட்சியும் உரக்குறைவும் அந்தச் செந்நிற ஏற்றத்தை இடம்பெயர்க்கும். கருவி ஐயுறும் செடியின் அருகே சென்று, இலையைக் கிள்ளி ஒளிக்கெதிரே பிடித்து, புள்ளி உண்டா என்று பார்ப்பதற்கு இன்றும் ஓர் ஆள் வேண்டும்.