இரண்டு ‘ஓ’ படுத்திய பாடு!

ஆவுடையார்கோவில். புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இதுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கிளம்பிய மந்திரி, கையிலிருந்த பணத்தையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு நின்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது நாம் பார்க்கப்போவது அந்தக் கதையை அல்ல, ஊரின் பெயரை!

பிரித்துப் பாருங்கள். ஆ, உடை, ஆர், கோ, இல். மூன்று இடங்களில் உயிரும் உயிரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. தமிழுக்கு இது ஆகாது. உடனே ஒரு ‘வ்’வோ ‘ய்’யோ நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைக்கும். உடம்படுமெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். இ, ஈ, ஐ வந்தால் ‘ய்’, மற்ற உயிர்கள் வந்தால் ‘வ்’, ஏ வந்தால் இரண்டில் எதுவும் என்கிறது நன்னூல். அந்தக் கணக்கில் ‘கோவில்’தான் சரி. ஆனால் ‘கோயில்’ ரொம்ப காலமாகவே ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. யாரும் எழுப்பவில்லை.

இங்கிலீஷில் சமாதானப் பேச்சே கிடையாது. உயிரெழுத்துகள் மொத்தம் ஐந்து, ஓசைகளோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அதிலாவது ஒழுங்கு உண்டா என்றால்... இரண்டு ‘ஓ’ போட்டால் சாப்பாட்டுக்கு ‘ஃபூட்’, வெள்ளத்துக்கு ‘ஃப்ளட்’, கதவுக்கு ‘டோர்’! நம் ஊர்ப் பெயர்கள் மாட்டிக்கொண்டது இந்தக் கூட்டத்திடம்தான். ‘கோயில்’ என்பதை கே-ஓ-ஐ-எல் என்று எழுதினால், வெள்ளைக்காரர் ‘ஆயில்’, ‘பாயில்’ வரிசையில் வைத்துத்தான் வாசிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1780-களிலேயே இதற்கு ஒரு வழி சொன்னார். இந்தியச் சொற்களை எழுதும்போது உயிரெழுத்துகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு வேண்டாம், லத்தீன் மாதிரி ஒரு எழுத்துக்கு ஒரு ஓசை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஹிந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த கில்கிறிஸ்ட் ஒப்பவில்லை. ‘ஊ’வுக்கு இரண்டு ஓ, ‘ஈ’க்கு இரண்டு இ போட்டால் எந்த இங்கிலீஷ்காரனும் சட்டென்று படித்துவிடுவான் என்பது அவர் கட்சி. இந்தப் பாணியில் அன்று புதுக்கோட்டைக்கு மட்டுமே ஐந்து ஓ! ‘பு’வுக்கு ஜோடி, ‘து’வுக்கு ஜோடி. அது போக ‘கோ’வுக்குத் தனியாக ஒன்று.

1870-களில் ஹன்டர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, கெஸட்டியர் வேலைக்காக ஜோன்ஸ் வழியைத் தூசி தட்டி எடுத்தார். இரட்டை ‘ஓ’ போய் ஒற்றை ‘யு’ வந்தது. ஆனால் புழக்கத்தில் ஊறிப்போன பெயர்களில் கைவைக்க வேண்டாம் என்று அவரும் விட்டுவிட்டார். தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆகவே நீடித்தது. ஹன்டர் கெட்டிக்காரர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால், 2020-ல் நடந்ததைப் பாருங்கள். தமிழக அரசு 1,018 ஊர்களுக்கு, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ற இங்கிலீஷ் ஸ்பெல்லிங் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் கோயம்புத்தூர், தூத்துக்குடி என்று வரிசையாக இரட்டை ‘ஓ’ திரும்பி வந்தது. கில்கிறிஸ்ட் ஜெயித்துவிட்டார்! வேலூருக்கோ இரட்டை ‘இ’ போட்டதில், அது ‘வீலூர்’ ஆகிவிட்டது. கேலி தாங்காமல் அந்த ஜூன் மாதத்துக்குள்ளேயே ஆணை வாபஸ்.

சிரிப்பதற்கு மட்டுமான விஷயம் இல்லை இது. பிறப்புச் சான்றிதழில் ‘கோயில்’, பாஸ்போர்ட்டில் ‘கோவில்’, நடுவில் ‘ஐ’ இருக்கிறதா ‘ஒய்’ இருக்கிறதா என்று கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் கேள்வி. இரண்டும் ஒரே ஊர்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தபால் இலாகா இந்தத் தலைவலியை எழுத்தால் தீர்க்கப் பார்க்கவில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல ஸ்பெல்லிங், போதாததற்குப் பல மொழிகள். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி (சமஸ்கிருதக் கவிஞரும்கூட) யோசித்துச் சொன்ன ஆறு இலக்க பின்கோடு, 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. வங்கிக் கார்டிலும் இதே புத்திதான். பின்பக்கம் இருக்கிற மூன்று இலக்கம், கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் வங்கியின் ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு எடுப்பது. பெயருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. உங்கள் பெயரில் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பது அந்த மூன்று இலக்கத்துக்குத் தெரியாது.

புதுக்கோட்டை நகரத்தின் பின்கோடு 622-ல் ஆரம்பிக்கும். அதே மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்கோ பட்டுக்கோட்டை, மன்னார்குடியோடு சேர்ந்து 614. தபால் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லைதான். ஆனால் பின்கோடு வந்தபோது ஆவுடையார்கோவில் இருந்தது தஞ்சாவூர் மாவட்டத்தில். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரியில்.