காணொளியில் மட்டும் மின்னும் வாகன விளக்குகள்: காரணம் என்ன?

நேரில் பார்க்கும்போது சீராக எரியும் காரின் பின்விளக்குகள், வாகனக் கேமராவின் பதிவில் விட்டுவிட்டு எரிவதைப் பலரும் கவனித்திருக்கலாம். சில காணொளிகளில் விளக்கு அணைந்தே கிடப்பதுபோலவும் தெரியும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கைக்கு இத்தகைய பதிவுகளையே நாடுகிறோம் என்பதால், இதன் காரணத்தை ஓட்டுநர்கள் அறிந்திருப்பது நல்லது.

மின்னுவது உண்மைதான்

பழைய இழை விளக்கில் மின்சாரம் கணநேரம் தடைபட்டாலும், சூடான இழை தொடர்ந்து ஒளிரும். எல்இடி அப்படியல்ல, மின்சாரம் நின்றதும் ஒளியும் நின்றுவிடும்.

எல்இடியின் ஒளியைக் குறைக்கப் பல வாகனங்களில் மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுச் செலுத்துகிறார்கள். ஒரே விளக்கு பின்விளக்காகவும் பிரேக் விளக்காகவும் செயல்படும் கார்களில், சாதாரண நேரத்தில் அது துடித்துத் துடித்து மங்கலாக எரியும்; பிரேக்கை மிதித்தால் முழு ஒளியுடன் எரியும். அதனால்தான் பிரேக் போடும்போது காணொளியில் மின்னுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

நொடிக்கு ஏறத்தாழ 60 முதல் 90 முறைக்கு மேல் நிகழும் துடிப்பை மனிதக் கண் பொதுவாகப் பிரித்தறியாது. வாகன விளக்குகளோ நொடிக்குச் சில நூறு முறை துடிக்கக்கூடியவை.

கேமரா பார்ப்பது வேறு

காணொளி என்பது தனித்தனிப் படங்களின் தொடர். நொடிக்கு 200 முறை துடிக்கும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 5 மில்லிவினாடி. அதில் 1 மில்லிவினாடி எரிந்து, 4 மில்லிவினாடி அணைந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கேமரா ஒரு படத்தை 1 மில்லிவினாடிக்குள் எடுத்துவிடும். அந்த நேரம் விளக்கு அணைந்த இடைவெளியில் விழுந்தால் படத்தில் விளக்கு இருண்டிருக்கும். எரியும் நேரத்தில் விழுந்தால் பளிச்சென்று தெரியும்.

நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், இந்த விளக்கு நொடிக்கு 10 முறை மின்னுவதுபோல் தோன்றும். திரைப்படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இரவில் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. பல துடிப்புகள் ஒரே படத்தில் சேர்ந்துவிடுவதால் மின்னுவது குறைகிறது.

போக்குவரத்து விளக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்விநியோகத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்தில் இயங்கும் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில், சரியாக நான்கு துடிப்புக்கு ஒரு படம் விழும். அது இருண்ட கணத்தோடு ஒத்துப்போனால், போக்குவரத்து விளக்கு சில நொடிகளுக்கு எரியாததுபோல் பதிவாகலாம். பச்சையா சிவப்பா என்ற வழக்கில் இது பெரும் சிக்கல். இந்த ஒத்திசைவைத் தவிர்க்கவே சில வாகனக் கேமராக்கள் நொடிக்கு 27.5 படம் என்ற வேகத்தில் இயங்குகின்றன.

ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியவை

• விளக்கு பழுதா என்று தெரிந்துகொள்ள, காணொளியை நம்பாமல் நேரில் பாருங்கள். கண்ணுக்கே மின்னுவது தெரிந்தால், தளர்ந்த இணைப்போ வாகனத்துக்குப் பொருந்தாத மாற்று விளக்கோ காரணமாக இருக்கலாம். பட்டறையில் காட்டுவது நல்லது.

• புதிய கேமரா வாங்கும்போது, எல்இடி மின்னுவதைக் குறைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

• விபத்துப் பதிவை வெட்டாமல் முழுமையாகச் சேமித்து வையுங்கள். ஒரு படத்தில் விளக்கு இருண்டிருப்பது, அது அணைந்திருந்ததற்கான ஆதாரம் ஆகாது. முன்னும் பின்னும் உள்ள படங்களையும், மற்ற வாகனங்கள் நின்றனவா நகர்ந்தனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.