பண்ணையிலிருந்து பட்டறைக்கு: அமெரிக்கக் கிராமப் பள்ளிகளில் தொழிற்கல்வி

அமெரிக்காவின் கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி நாடு முழுவதும் நிலைபெறக் காரணமாக இருந்தது 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம். அவ்வாண்டு பிப்ரவரி 23 அன்று அதிபர் உட்ரோ வில்சன் அதில் கையெழுத்திட்டார். பள்ளிக் கல்வி முழுவதும் மாநிலங்களின் கையில் இருந்த நாட்டில், ஊர்ப் பள்ளியில் விவசாயம் சொல்லித்தரும் ஆசிரியரின் சம்பளத்தில் மத்திய அரசு பங்கேற்க அது வழிசெய்தது. சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் ஹோக் ஸ்மித், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டட்லி ஹியூஸ் இருவருமே ஜார்ஜியா மாநிலத்தவர். 1890களின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் புகுந்த பருத்திக் கூன்வண்டு, 1915இல் ஜார்ஜியாவை எட்டியிருந்தது. பருத்தி ஒன்றையே நம்பிப் பிழைத்த வட்டாரங்களுக்கு மாற்றுப் பயிர், கால்நடை வளர்ப்பு பற்றிய அறிவு அவசரமாகத் தேவைப்பட்ட காலம் அது.

கிராமத்துப் பள்ளி கிராமத்துக்குப் பயன்படவில்லை என்ற குறை அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், தாவரவியல் அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லியின் தலைமையில் நாட்டுப்புற வாழ்வு ஆணையத்தை அமைத்தார். ஆணையம் 5 லட்சத்துக்கும் அதிகமான கேள்வித்தாள்களை நாடெங்கும் அனுப்பியது. பதில் எழுதியவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். பள்ளிப் பாடம் பண்ணை வாழ்க்கையோடு ஒட்டவில்லை, அது பிள்ளைகளை நகரத்தை நோக்கித் தள்ளிவிடுகிறது என்ற மனக்குறை அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. உயர்நிலைப் பள்ளியின் லத்தீனும் இயற்கணிதமும் கல்லூரிக்குப் போகும் சிலருக்காக வகுக்கப்பட்டவை. வகுப்பில் இருந்தவர்களில் மிகப் பலர் கல்லூரி வாசலை மிதிக்கப் போவதில்லை.

மாற்று முயற்சிகளும் நடந்துகொண்டிருந்தன. 1862இன் மோரில் சட்டம் மாநிலந்தோறும் வேளாண் கல்லூரிகளுக்கு நிலம் அளித்தது. ஆனால் அக்கல்லூரிகள் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. மினசோட்டா பல்கலைக்கழகம் 1888இல் பள்ளி நிலையிலேயே ஒரு விவசாயப் பாடசாலையைத் திறந்தது. விஸ்கான்சின் 1901இல் மாவட்ட விவசாயப் பள்ளிகளுக்குச் சட்டம் செய்தது. வாசாவிலும் மெனாமனியிலும் முதற்பள்ளிகள் எழுந்தன. ஜார்ஜியா 1906இல் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் விவசாய, இயந்திரப் பள்ளிகளை ஏற்படுத்தியது. அவை விடுதிப் பள்ளிகள். அறுவடைக் காலத்தில் வீட்டுக்குக் கை தேவைப்படும்போது பையன் விடுதியில் இருந்தான். பள்ளிகளும் நாளடைவில் மேல்நோக்கி நகர்ந்தன. ஸ்டேட்ஸ்பரோவில் தொடங்கிய பள்ளி இன்று ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகம். கேரல்டனில் தொடங்கியது வெஸ்ட் ஜார்ஜியா பல்கலைக்கழகம். அந்த ஊர்களுக்கு அது பெருமைதான். ஆனால் பண்ணைவீட்டுப் பிள்ளைக்கென எழுப்பிய பள்ளி அவனுக்கு இல்லாமற்போனது.

இதற்கு விடை கண்டவர் ரூஃபஸ் ஸ்டிம்சன். தத்துவமும் இறையியலும் படித்த அவர், கனெக்டிகட் வேளாண் கல்லூரியின் தலைவர் பதவியை விட்டு 1908இல் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் ஸ்மித் விவசாயப் பள்ளிக்கு வந்தார். கல்லூரித் தலைவராக இருந்த ஒருவர் ஊர்ப் பள்ளிக்கு இறங்கி வருவது அன்றும் அரிது, இன்றும் அரிது. பள்ளிக்குச் சொந்தமான மாதிரிப் பண்ணையில் மாணவர்கள் வேலை செய்தால், இழப்பும் லாபமும் பள்ளியைச் சேரும். மாணவனுக்குக் கைப்பழக்கம் வருமே தவிர, பண்ணை நடத்தும் பொறுப்பு வராது என்று அவர் கண்டார். ஆகவே வீட்டுப் பண்ணையையே செய்முறைக் கூடம் ஆக்கினார். ‘வீட்டுத் திட்டம்’ எனப் பெயர்பெற்ற இம்முறையில் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் ஒரு முயற்சியைத் தன் பொறுப்பில் ஏற்றான்: ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு, ஒரு கோழிக்கூட்டம், குட்டி போடப்போகும் ஒரு பன்றி.

அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. விலைக்கு வாங்கிய தீவனம் ஒரு பக்கம். வீட்டுக் களத்திலிருந்து எடுத்த தானியமும் சந்தை விலைப்படி செலவாகவே ஏறும். பையன் உழைத்த மணிநேரத்துக்கும் கூலி போடவேண்டும். விற்ற பணத்தை வரவில் வைத்து, ஆண்டு முடிவில் இருப்பு எடுத்துக் காட்டவேண்டும். தலைமுறைகளாகப் பன்றி வளர்த்த குடும்பத்துக்கு, ஒரு பன்றிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது என்பதும் உண்டு. பள்ளிக்குக் கோடை விடுமுறை வந்தாலும் விவசாய ஆசிரியருக்கு விடுமுறை இல்லை. பயிர் வளரும் மாதங்கள் அவைதான் என்பதால் அவர் வீடுவீடாகப் போய்ப் பயிரையும் புத்தகத்தையும் பார்த்தார். போன இடத்தில் அப்பாவோடும் பேச்சு நடக்கும். அந்த ஊருக்கு எந்த விதை ஏற்றது, எந்தப் பால் பண்ணை என்ன விலை தருகிறது என்பதையெல்லாம் ஆசிரியர் அங்கேதான் கற்றுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார். ஊரின் தேவையைப் பள்ளி அறிந்துகொள்ள இதைவிட நம்பகமான வழி பின்னாளில் எந்தப் படிவத்தாலும் கிடைத்துவிடவில்லை.

மாசசூசெட்ஸின் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன் 1911இல் ஸ்டிம்சனை மாநில அளவிலான விவசாயக் கல்விப் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டார். ஆறே ஆண்டுகளில் அவருடைய முறை தேசியச் சட்டத்தில் இடம்பிடித்தது. 14 வயது நிரம்பிய, பண்ணைத் தொழிலில் இறங்கிவிட்ட அல்லது இறங்கப்போகும் பிள்ளைகளுக்கே ஸ்மித்-ஹியூஸ் விவசாய வகுப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 6 மாதம் ஆசிரியர் மேற்பார்வையில் பண்ணையில் செய்முறைப் பயிற்சி கட்டாயம். 1917-18இல் விவசாயக் கல்விக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் கூடி 1926 நிதியாண்டில் அது 30 லட்சம் டாலரானது. மத்திய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலமோ ஊரோ ஒரு டாலர் போடவேண்டும். முதலாண்டில் சுமார் 15,000 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1940க்குள் 5 லட்சத்தைத் தாண்டியது.

சட்டம் வருவதற்கு முன்பே ஒரு முக்கியமான விவாதம் நடந்தது. 1915இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் ஸ்னெடனும் தத்துவவாதி ஜான் டூயியும் மோதினர். பெரும்பாலான பிள்ளைகள் என்ன வேலைக்குப் போவார்கள் என்பதை முன்கூட்டியே கணித்து அதற்கேற்பப் பயிற்சி தருவதே திறமையான கல்வி என்றார் ஸ்னெடன். இன்றிருக்கும் தொழில் அமைப்புக்கு ஆள் தயாரித்துக் கொடுப்பது கல்வியின் வேலை அல்ல; அந்த அமைப்பையே புரிந்துகொண்டு மாற்றக்கூடிய அறிவைத் தருவதுதான் வேலை என்றார் டூயி. சட்டம் ஸ்னெடன் பக்கம் சாய்ந்தது. அதை நடைமுறைப்படுத்திய மத்திய வாரியத்தின் முதல் நிர்வாக இயக்குநர் சார்லஸ் பிராசர், ஸ்னெடனோடு மாசசூசெட்ஸில் பணியாற்றியவர். தொழிற்கல்வி மாணவருக்குத் தனி நேரம், தனி ஆசிரியர், தனி வாரியம் என்ற பிரிவினை அப்போது பள்ளிக்குள் விழுந்தது. இருக்கும் அமைப்புக்கு ஆள் தயாரிப்பதாகக் கல்வி சுருங்கிவிடும் என்ற டூயியின் அச்சம் வீணானதல்ல என்பதைப் பிந்திய அரை நூற்றாண்டு காட்டியது.

வகுப்பறைக்கு வெளியே ஒரு சங்கமும் வளர்ந்தது. வர்ஜீனியாவில் ஹென்றி குரோஸ்குளோஸ் முதலிய ஆசிரியர்கள் 1926இல் தொடங்கிய மாணவர் அமைப்பைப் பின்பற்றி, 1928 நவம்பரில் கேன்சஸ் சிட்டியில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் கூடி ‘ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற எதிர்கால விவசாயிகள் சங்கத்தை நிறுவினர். ஓஹையோவின் ஃபிரெடரிக்டவுன் கிளையினர் போட்டுவந்த நீலநிற வரித்துணி மேற்சட்டை 1933இல் சங்கத்தின் சீருடை ஆனது. விவசாயி மகன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை ஒரு தலைநிமிர்வைத் தந்தது. பொருளாதாரப் பெருமந்த ஆண்டுகளில் விவசாய ஆசிரியர்கள் மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்கும் பாடம் நடத்தினர். தென் மாநிலங்கள் பலவற்றில் பள்ளியை ஒட்டிப் பொது டப்பாக் கூடங்கள் எழுந்தன. குடும்பங்கள் தங்கள் தோட்டத்துத் தக்காளியையும் பீன்ஸையும் கொண்டுவந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் வேகவைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டு போயின.

ஊருக்கு ஏற்ற கல்வி என்னும்போது, ஊரில் யாருடைய தேவை கணக்கில் வந்தது என்ற கேள்வி எழுகிறது. தெற்கில் பள்ளிகள் நிற அடிப்படையில் பிரிந்திருந்தன. மத்தியப் பணம் மாநில வாரியங்கள் வழியாகவே போனது. கறுப்பினப் பள்ளிகளுக்குச் சமமான பங்கு தரவேண்டும் என்று சட்டம் நிபந்தனை வைக்கவில்லை. 1920இல் கறுப்பின விவசாயிகள் நடத்திய பண்ணைகள் 9 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுதவர்கள். சொந்த நிலம் இல்லாத வீட்டில் ‘வீட்டுத் திட்டம்’ நிலக்காரரின் தயவில்தான் நடக்கமுடியும். இந்த நெருக்கடிக்குள்ளும் கறுப்பின ஆசிரியர்கள் அரிய பணி செய்தனர். வர்ஜீனியாவில் 1927இல் தொடங்கிய அவர்களுடைய மாணவர் சங்கம், 1935இல் டஸ்கிகீயில் ‘நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற தேசிய அமைப்பாக விரிந்தது. 1965இல் அது எதிர்கால விவசாயிகள் சங்கத்தோடு இணைக்கப்பட்டபோது உறுப்பினர் சுமார் 50,000 பேர். இணைப்பு என்று பெயர். ஆனால் அதன் பெயரும் சின்னமும் சீருடையும் மறைந்தன. பெண்பிள்ளைகள் நிலையும் வேறல்ல. அவர்களுக்கு மனையியல் வகுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. பண்ணையில் அம்மாவும் மகளும் செய்த வேலை விவசாயக் கல்வியில் சேரவில்லை. தேசியச் சங்கம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது 1969இல்தான்.

இதற்கிடையே பண்ணைகள் குறைந்துகொண்டே வந்தன. 1935இல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள். 1969இல் சுமார் 27 லட்சம். டிராக்டரும் பருத்தி பறிக்கும் இயந்திரமும் ஆட்களின் தேவையைக் குறைத்தன. சிறு பண்ணைகள் பெரியவற்றில் கரைந்தன. ஆனாலும் பள்ளியில் அரசு உதவி பெறும் விவசாய வகுப்பு, சட்டப்படி, 1963 வரை பண்ணை நடத்தப்போகிறவனுக்கானதாகவே நீடித்தது. விதை நிறுவனத்திலோ டிராக்டர் பட்டறையிலோ வேலை தேடியவனுக்கு அதில் இடமில்லை. 1917இல் ஊரின் தேவையைச் சரியாகப் படித்த சட்டம், அந்தத் தேவையை அப்படியே உறையவைத்துவிட்டது. இச்சட்டத்தின் பெரிய குற்றம் இதுவே.

அமெரிக்க அனுபவம் இந்தியக் கல்விச் சிந்தனையையும் தொட்ட காலம் அது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவில், அட்லாண்டாவின் தென்வட்டாரக் கல்வி வாரியத்தைச் சேர்ந்த கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸும் உறுப்பினர். பல்நோக்குப் பள்ளிகளை நிறுவவும், கிராமப் பள்ளிகளில் தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு, குடிசைத் தொழில் ஆகியவற்றோடு விவசாயக் கல்விக்குச் சிறப்பு வசதி தரவும் அக்குழு பரிந்துரைத்தது.

அமெரிக்காவில் மாற்றம் 1963இல் வந்தது. அதிபர் கென்னடி நியமித்த ஆலோசகர் குழுவின் அறிக்கையை ஒட்டி உருவான தொழிற்கல்விச் சட்டத்தில், அவர் மறைந்த அடுத்த மாதமே லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். பண்ணை நடத்துவதோடு, விவசாயம் சார்ந்த எல்லாத் தொழில்களுக்கும் வகுப்பு நடத்தலாம் என்றானது. நாற்றுப் பண்ணை, இயந்திரம் பழுதுபார்த்தல், உணவு பதப்படுத்தல், காட்டு வளம் ஆகியவை பாடங்களாயின. பல பள்ளிகளுக்குப் பொதுவான வட்டாரத் தொழிற்பயிற்சி மையங்களுக்கும் பணம் கிடைத்தது. வெல்டிங், மின்வேலை, நோயாளி பராமரிப்பு படிக்கக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போனார்கள். தனியாக ஒரு பட்டறையை நிறுவ முடியாத சிறு பள்ளிகளுக்கு இது பெரும் உதவி.

1983இல் வெளிவந்த ‘எ நேஷன் அட் ரிஸ்க்’ அறிக்கை காற்றைத் திருப்பியது. கணிதமும் அறிவியலும் கூடுதலாகக் கட்டாயமாக்கப்பட, தொழிற்பாடங்களுக்கான நேரம் சுருங்கியது. கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி வட்டாரத்திலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் பெர்கின்ஸ் 1984இல் மறைந்தார். அதே ஆண்டு நிறைவேறிய புதிய தொழிற்கல்விச் சட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நிலக்கரியை மட்டும் நம்பிய ஊர்கள் சுரங்கம் மூடியதும் என்ன ஆயின என்பதை அவருடைய வட்டாரமே சொல்லும். ஒரே ஆலையின் தேவைக்கு ஏற்பப் பள்ளியை வடிவமைப்பதில் உள்ள ஆபத்தும் அதுவே.

பெர்கின்ஸ் சட்டம் 2018இல் ஐந்தாம் முறையாக வடிவம் பெற்றது. மத்திய உதவி பெறும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தன் வட்டாரத்தின் தேவையை விரிவாக ஆராய்ந்து, அதற்கேற்ப வகுப்புகளை அமைக்கவேண்டும் என்று அது விதித்தது. முதலாளிகளோடு ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகியோரையும் கலந்தாலோசிப்பது கட்டாயம். 1917இன் சட்டம் விட்ட குறையை இந்த விதி நேராகத் தொடுகிறது. மாணவரையும் பெற்றோரையும் கேட்காமல் வேலைப் பட்டியலை மட்டும் வாங்கிவைக்கும் மாவட்டத்தில் அதனால் பயன் இராது. மாநிலங்கள் கிராமப்புறம் போன்ற பகுதிகளுக்கெனத் தனியே ஒதுக்கி வைக்கக்கூடிய பங்கையும் இச்சட்டம் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. 2022 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 19 லட்சம் பண்ணைகளே எஞ்சியுள்ளன. 1988இல் தன் பெயரிலிருந்து விவசாயிகள் என்ற சொல்லை எடுத்துவிட்ட அந்த மாணவர் சங்கத்தில் இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உறுப்பினராக இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வேலை தேடப்போவது பண்ணைக்கு வெளியேதான்.